துருவா, பிசினா, தூசியா? துப்பாக்கிக்கும் வீட்டு இரும்புக்கும் எண்ணெய் தேர்வு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கொங்குப் பக்கம் தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு) என்றால் அருவாளும் மம்பட்டியும் பூட்டும் இருக்கும். திருப்பூர் வட்டாரத்தில் அதோடு தையல் மெஷினும் சேரும். சில வீடுகளில் அப்பாரு (தாத்தா) காலத்திலிருந்து லைசென்ஸ் மாறி மாறி வரும் இரட்டைக்குழல் துப்பாக்கியும் உண்டு. பூட்டும் தையல் மெஷினும் பழுது பார்ப்பது என் தொழில். எங்கள் வீட்டிலும் லைசென்ஸ் துப்பாக்கி இருப்பதால் இரண்டு வகைக் கேள்வியும் என்னிடம் வரும். வந்து சேரும் பழுதுகளில் எண்ணெய் போதாமல் கெட்டது கொஞ்சம்தான். ஆகாத எண்ணெய் போட்டதும், அளவுக்கு மேல் ஊற்றியதும்தான் பெரும்பாலும் காரணம். அதனால் கடைக்குப் போய் "நல்ல ஆயிலா ஒண்ணு குடுங்க" என்று கேட்பதற்கு முன் பொருளில் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

## தொடங்கும் முன்

துப்பாக்கி என்றால் முதலில் தோட்டா உள்ளே இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மடக்கித் திறந்து இரண்டு குழலையும் கண்ணால் பாருங்கள், விரல் விட்டும் தடவுங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் பூட்டியிருக்கட்டும். வேலை முடியும்வரை குழல் வாய் ஆளில்லாத பக்கமே இருக்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்யலாம் என்பது துடைப்பதும் எண்ணெய் தடவுவதும் மட்டுமே. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும். கோவையில் திரும்பிய தெருவெல்லாம் லேத் பட்டறை, கை தேர்ந்த டர்னர்கள். ஆனாலும் துப்பாக்கியை அங்கே கொண்டு போகக் கூடாது. துடைத்துக் கொடுக்கச் சொல்லி லைசென்ஸ் இல்லாத பங்காளியிடம் விட்டுவிட்டு வருவதும் தவறு.

அலமாரியில் இவ்வளவு இருந்தால் போதும்: நிறமில்லாத தையல் மெஷின் ஆயில், சின்ன டப்பா லித்தியம் கிரீஸ், வாசலின், டபிள்யூடி-40 மாதிரி ஒரு ஸ்பிரே, கிராஃபைட் தூள், ஒரு பை பனியன் வேஸ்ட் (துண்டுத் துணி). துப்பாக்கி இருப்பவர்கள் கன் ஆயில் ஒரு பாட்டில் சேர்த்துக்கொள்ளலாம். அது கிடைக்காத ஊரில் மெஷின் ஆயிலே துடைத்து வைக்கத் தாங்கும்.

## அறிகுறி: மேலே செம்புள்ளி, தொட்டால் பழுப்புத் தூள்

புள்ளிகள் விரல் பட்ட இடத்தில் இருந்தால் வியர்வை உப்புதான் காரணம். விருந்தாளிக்கு எடுத்துக் காட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்திருப்பீர்கள். மெஷின் ஆயில் தோய்த்த துணியால் தேய்த்தால் போய்விடும். இனிமேல் ஒவ்வொரு முறை தொட்டபிறகும் ஒரு துடைப்பு.

உறை தொடும் பக்கத்தில் மட்டும் துரு என்றால் உறையை மாற்றுங்கள். தோல் உறை, கான்வாஸ் பை, உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டிய பெட்டி மூன்றும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோலில் பதனிட்ட உப்பும் மிச்சமிருக்கும். உறை எடுத்துப் போவதற்கு மட்டும். வீட்டில் துப்பாக்கியோ வெட்டுக்கத்தியோ உறைக்கு வெளியே பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். பொள்ளாச்சி, ஆனைமலை, வால்பாறைப் பக்கத்தவர்கள் இதை ஆனி பிறக்கும் முன்பே செய்துவிட வேண்டும். காங்கேயம், தாராபுரம் போன்ற காய்ந்த ஊர்களில் ஐப்பசி மழைக்கு முன் பார்த்தால் போதும்.

பொருள் முழுக்கப் பரவலாகத் துரு என்றால் அது இருக்கும் அறையைச் சுற்றிப் பாருங்கள். உர மூட்டை அடுக்கிய அறையா? பொட்டாஷ் இருக்கும் இடத்தில் எந்த எண்ணெயும் நிற்காது. கக்கூஸ் கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் அதே அலமாரியில் இருக்கிறதா? அந்த ஆவியே இரும்பைத் தின்னும். எண்ணெயை மாற்றுவதற்கு முன் இடத்தை மாற்றுங்கள். செலவில்லாத வைத்தியம், பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது.

"ஸ்பிரே அடிச்சுத்தானே வெச்சேன்" என்றால் அங்கேதான் கோளாறு. டபிள்யூடி-40 வகை ஸ்பிரேயில் பெரும்பகுதி காற்றில் போய்விடும், மிஞ்சுவது மெல்லிய படலம். மழையில் நனைந்த பொருளிலிருந்து நீரை விரட்ட அது நன்றாக உதவும். ஆனால் மாதக்கணக்கில் காவல் நிற்காது. ஸ்பிரே அடித்து, துடைத்து, அதன்மேல் மெஷின் ஆயிலோ கன் ஆயிலோ தடவி, காய்ந்த துணியால் மறுபடி ஒரு முறை துடையுங்கள். விரலால் தொட்டால் மினுமினுப்பு ஒட்ட வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது.

துரு துணிக்கு அசையவில்லையா? எண்ணெய் தடவி ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் நான்கு சைபர் என்று சொல்லும் மிக மெல்லிய ஸ்டீல் உல்லில் எண்ணெய் தோய்த்து, அழுத்தாமல் தேயுங்கள். மம்பட்டிக்கும் அருவாளுக்கும் உப்புத்தாள் போடலாம், கெட்டுப்போக ஒன்றுமில்லை. துப்பாக்கியில் உப்புத்தாள், புளி, எலுமிச்சை, வினிகர், துரு நீக்கும் திரவம் எதுவுமே கூடாது. குழலின் மேலுள்ள கருநீலப் பூச்சும் இரும்பின் ஒருவகைத் துருதான். புளிப்பு பட்டால் செந்துருவோடு சேர்ந்து அதுவும் கரைந்து, வெள்ளை இரும்பு வெளியே தெரியும். பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளப்பாக்கிய கையோடு துப்பாக்கியையும் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டு வந்தவர்கள் உண்டு. அதைப் பழைய நிறத்துக்குக் கொண்டு வர வீட்டில் வழியில்லை.

ஆளைப் பார்க்க வேண்டிய கட்டம்: தேய்த்து முடித்த இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் குழி விழுந்துவிட்டது. அருவாளில் குழி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். துப்பாக்கிக் குழலில் என்றால் அதைச் சுடாமல் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்குக் கொண்டு போங்கள்.

தேர்தல் காலம் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். நடத்தை விதி வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச் 16-ல் நடத்தை விதி வந்தது, வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. நடுவில் கோடை மழையும் வந்து போகும். அத்தனை நாளும் நம்மால் தொட்டுத் துடைக்க முடியாது. ஒப்படைக்கும் முன் வெளிப்பக்கம் முழுக்க வாசலினை மெல்லிசாகப் பூசுங்கள். குழலுக்குள் எண்ணெய்த் துணி ஒரு முறை ஓட வேண்டும். தோல் உறையில் போட்டுக் கொடுக்காமல் பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள். திரும்ப வாங்கியதும் அன்றைக்கே வாசலினைத் துடைத்து எடுத்து, குழலையும் உலரத் துடைத்துவிடுங்கள்.

## அறிகுறி: ட்ரிக்கர், பூட்டு, கத்திரி ஒட்டி ஒட்டி நகர்கிறது

மார்கழி, தை காலையில் மட்டும் இறுக்கம், வெயில் ஏறினால் சரி என்றால் யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். கோவையில் மார்கழி விடியற்காலை 20 டிகிரிக்குக் கீழே போவது வழக்கம். தென்னைக்கு நடுவில் வாழ்பவர்களுக்குக் கைக்கெட்டும் எண்ணெய் அது என்பதால் பொள்ளாச்சிப் பக்கம் இந்தப் பழுது அதிகம். துடைத்து எடுத்துவிட்டு மெஷின் ஆயில் விட்டால் முடிந்தது.

எந்நேரமும் பிசுபிசுப்பு என்றால் காது குடையும் பஞ்சுக் குச்சியை இடுக்கில் விட்டு எடுங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ நூல் விட்டு வந்து, முகர்ந்தால் காறல் வாடை அடித்தால் அது சமையல் எண்ணெய். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எல்லாம் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகும், பிறகு வார்னிஷ் போலக் கெட்டியாகும். அதன்மேல் புது எண்ணெய் ஊற்றினால் அன்றைக்கு இளகும், அடுத்த வாரம் முன்னைவிட மோசமாகும். மண்ணெண்ணெயிலோ ஸ்பிரேயிலோ பழையதைக் கரைத்து, பஞ்சில் நிறம் வருவது நிற்கும் வரைக்கும் துடைத்து எடுங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம். பெட்ரோலைத் தொடவே வேண்டாம். மண்ணெண்ணெய் காவல் தராது, காய்ந்ததும் இரும்பு வெறுமையாக நிற்கும். ஆகவே கடைசியில் உரசும் இடத்துக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது போல இரும்புக்கு ஊற்றக் கூடாது.

அடுப்படி எண்ணெய்க்கும் உரிய இடம் உண்டு. அருவாமனை, தேங்காய்த் துருவி, தோசைக்கல் மாதிரி சாப்பாட்டில் படுகிற இரும்புக்குத் தேங்காய் எண்ணெய்தான் சரி. மெஷின் ஆயிலோ ஸ்பிரேயோ அங்கே வரவே கூடாது. தினமும் கழுவித் தினமும் தடவுவதால் பிசினாக நேரமும் இருக்காது.

பூட்டுக்குள் சாவி இறங்க மறுத்தால் முதலில் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு போனால் பூட்டில் குறையில்லை, முதல் சாவி தேய்ந்திருக்கிறது. இரண்டுமே இறங்கவில்லை என்றால் ஸ்பிரே அடித்துக் கழுவி, பூட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வடிய விடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் கிராஃபைட் தூளைச் சாவியில் தொட்டுப் பலமுறை போட்டு எடுங்கள். எண்ணெயையும் கிராஃபைட்டையும் கலக்காதீர்கள், களியாகிவிடும். அதன்பிறகும் சாவி சிக்கினால் தொங்கு பூட்டைப் புதிதாக வாங்கிவிடலாம். வாசக்காலில் பதித்த பூட்டுக்கு மட்டும் பூட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

துப்பாக்கி ட்ரிக்கர் என்றால் வெளியிலிருந்து எட்டும் இடத்தைத் துடைப்பதோடு நிறுத்த வேண்டும். பக்கத் தகட்டைக் கழற்றாதீர்கள். உள்ளே ஸ்பிரே அடித்தால் கரைந்த அழுக்கு ஆழமாகப் போய் உட்காரும், மிச்சம் துப்பாக்கியின் மரக் கட்டைக்குள் இறங்கும். துடைத்தும் இறுக்கம் போகவில்லையா? சேஃப்டி பாதியில் நழுவுகிறதா? குதிரை (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தி) பாதியில் நிற்காமல் விழுகிறதா? லேசாகத் தட்டினாலே விடுபடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் தோட்டா போடாமல் நேரே லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும். ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாத பழுது இது.

## அறிகுறி: எண்ணெய் விட்ட இடமெல்லாம் கறுப்பு மை

ஆடிக் காற்று ஊர்களின் வியாதி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் செம்மண் தூசியைக் கிளப்பும். சோமனூர் மாதிரி விசைத்தறி ஊர்களில் பஞ்சுத் தூசி சேர்ந்துகொள்ளும். ஈர எண்ணெய் இரண்டையும் பிடித்து அரைக்கும் பசையாக்கிவிடும். பொள்ளாச்சியில் நல்ல பெயர் வாங்கிய கெட்டி எண்ணெய் பல்லடத்தில் இரும்பைத் தேய்ப்பது இதனால்தான்.

விரலில் எடுத்து நசுக்கிப் பாருங்கள். நறநறவென்றால் மண், இழை வந்தால் பஞ்சு. இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: முழுக்கத் துடைத்து எடுத்து, வெளியே தெரியும் பாகங்களை உலர்வாக வைப்பது. உள்ளே உரசும் இடத்துக்கு மட்டும் எண்ணெய். ரோலிங் ஷட்டரின் பக்கவாட்டுத் தடத்தில் கிரீஸ் அப்பியிருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு சிலிகான் ஸ்பிரே அடியுங்கள், காய்ந்ததும் தூசி ஒட்டாது. கிரீஸ் மேலே உருளும் பேரிங்குக்கு மட்டும்.

ஒர்க்‌ஷாப்பில் சும்மா கிடைக்கும் வேஸ்ட் இன்ஜின் ஆயிலை ஷட்டருக்கும் கேட்டுக்கும் பூசுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் அமிலமும் இரும்புப் பொடியும் கலந்திருக்கும், கையில் தொடர்ந்து படுவது உடம்புக்கும் கேடு. குழந்தைகள் கை வைக்கும் கேட்டில் அது இருக்கவே கூடாது.

சுத்தம் செய்தபிறகும் ஷட்டர் பாதியில் நின்றால், அல்லது கையை விட்டதும் சடாரென்று இறங்கினால் மேலேயுள்ள ஸ்பிரிங் போயிருக்கும். அதை நீங்கள் தொடாதீர்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் கையை உடைத்துவிடும். ஷட்டர் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: கதவுச் சத்தம் நிற்கிறது, சில நாளில் திரும்ப வருகிறது

ஸ்பிரே மட்டும் அடித்திருப்பீர்கள். கீலின் கம்பியை மேலே தட்டி எடுத்து, துடைத்து, லித்தியம் கிரீஸ் மெல்லிசாகத் தடவித் திரும்ப இறக்குங்கள். கம்பி ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் கதவு தொங்குகிறது. முதலில் ஸ்குரூக்களை முடுக்குங்கள். அப்படியும் உரசினால் ஆசாரியைக் கூப்பிட வேண்டும்.

## அறிகுறி: துப்பாக்கிக் கட்டை கறுத்து மிருதுவாகிறது, அல்லது வெள்ளைப் பூசணம்

இரும்பும் மரமும் சேரும் இடத்தில் கறுப்பு என்றால் அதிக எண்ணெய். குழல் மேலே பார்க்க நிறுத்தி வைத்தால் எண்ணெய் வடிந்து வடிந்து கட்டைக்குள் இறங்கி மரத்தை இளக்கும். எண்ணெயைக் குறையுங்கள். சுத்தம் செய்த புதிதில் சில நாள் குழல் வாய் கீழே இருக்கும்படி, ஒரு துணிமேல் நிறுத்துங்கள்.

பூசணம் என்றால் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் வைத்தால் வெடிப்பு விழும்.

மரம் வறண்டு வெளுத்திருந்தால் ஆளிவிதை எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். கையால் மெல்லத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, முழுக்கக் காய விட்டு அடுத்த பூச்சு. உலோகத்தில் படக் கூடாது. காய்ந்து கெட்டியாகும் குணம் மரத்துக்கு நல்லது, ட்ரிக்கருக்கு நஞ்சு. முக்கியமான எச்சரிக்கை: இந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். பஞ்சு மூட்டை இருக்கும் வீட்டில் இதில் இரட்டைக் கவனம் வேண்டும்.

கட்டையில் கைப்பிடி அருகே விரிசல் தெரிந்தால் ஃபெவிக்கால் போட்டு ஒட்டிவிட்டுச் சுடாதீர்கள். அது பழுதுபார்ப்பவர் வேலை.

## அறிகுறி: தைத்த துணியில் மஞ்சள் கறை

மெஷினில் வண்டி ஆயில் ஊற்றியிருக்கலாம். நிறமில்லாத மெஷின் ஆயில் பட்டால் துவைக்கும்போது போய்விடும், வண்டி ஆயில் போகாது. ஓவர்லாக் மெஷினில் ஆயில் கண்ணாடியைப் பாருங்கள். பழுப்பாகத் தெரிந்தால் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள், கோட்டுக்கு மேல் போக வேண்டாம். எண்ணெய் விட்ட பிறகு முதலில் வேஸ்ட் துணியில் ஓட்டி, கறை வராததைப் பார்த்துவிட்டுப் பீஸில் கை வையுங்கள். நீடில் பார் (ஊசியைப் பிடிக்கும் கம்பி) வழியாகத் தொடர்ந்து இறங்கினால் சீல் போயிருக்கும், மெக்கானிக் வர வேண்டும்.

## அறிகுறி: குழலுக்குள் கறை, நிழல், அடைப்பு

குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்பக்கமிருந்து பாருங்கள்.

வெளிச்சமே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் குளவிக் கூடு. தோட்டத்து வீட்டில் கொஞ்ச நாள் தொடாமல் இருந்தாலே மண் வைத்து அடைத்துவிடும். மரக்குச்சியாலோ பித்தளைக் கம்பியாலோ தள்ளி எடுங்கள். அடைப்போடு சுட்டால் குழல் வெடிக்கும். இந்த ஒரு சோதனையைச் சுடும் ஒவ்வொரு முறைக்கும் முன் செய்தே ஆக வேண்டும்.

எண்ணெய் வழிந்தால் காய்ந்த துணி விட்டு உலர்த்துங்கள். வைத்திருக்கும்போது எண்ணெய், சுடும்போது உலர்வு.

கரிமருந்து போடும் பழைய நாட்டுத் துப்பாக்கி என்றால் சுட்ட அன்றே சோப்புத் தண்ணீரால் கழுவி, சுடுதண்ணீர் ஊற்றி, நன்றாக உலர்த்தி, அதன்பிறகு எண்ணெய். மருந்து விட்டுப்போகும் உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கழுவாமல் எண்ணெய் தடவினால் எண்ணெய்க்கு அடியிலேயே துரு ஓடும்.

ஆளைப் பார்க்க வேண்டிய கட்டம்: உள்ளே கருங்குழிகள், வளையம் போன்ற நிழல், வெளியே கை வைத்தால் தட்டுப்படும் வீக்கம் அல்லது நசுங்கல், பூட்டியபின் குழல் ஆடுவது. அப்பாரு காலத்துத் துப்பாக்கியின் குழல்மேல் அலை அலையாகக் கோடுகள் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழலாக (இரும்புப் பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்த பழைய வகை) இருக்கலாம். இன்றைய தோட்டாவின் அழுத்தத்துக்கு அது செய்யப்பட்டதல்ல. தெரிந்தவர் பார்த்துச் சொல்லும்வரை சுடாதீர்கள்.

## அறிகுறி: தோட்டாவின் பித்தளையில் பச்சைக் களிம்பு

எங்கே வைத்திருந்தீர்கள் என்பதே முதல் கேள்வி. கட்டுத்தரைக்குப் பக்கத்து அறை என்றால் மாட்டு மூத்திரத்தின் அம்மோனியாவே காரணமாக இருக்கலாம். நூறு வருடத்துக்கு முன் இங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவம் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் விரிசல் விட்டதும் இதே அம்மோனியாவால்தான். பித்தளை பாலிஷ்களிலும் அம்மோனியா கலந்தவை உண்டு, தோட்டாவுக்கு அவை வேண்டாம். எண்ணெயும் ஸ்பிரேயும் கூடாது. அடியிலுள்ள கேப்புக்குள் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) இறங்கினால் தோட்டா வெடிக்காமல் போகும். குதிரை விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் குழல் வாயைப் பாதுகாப்பான பக்கமே வைத்து 30 விநாடியாவது பொறுத்து, அப்புறம்தான் திறக்க வேண்டும்.

மேலோட்டமான பச்சையை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். விரிசல், குழி, உப்பிய காகிதக் கூடு, துருவேறிய அடித்தகடு இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். எரிப்பதோ, புதைப்பதோ, கிணற்றில் போடுவதோ கூடாது. தோட்டா வாங்கிய லைசென்ஸ் கடையிலோ காவல் நிலையத்திலோ கேட்டு ஒப்படையுங்கள். மிச்சத்தை மூடி இறுகிய டப்பாவில், கட்டுத்தரையும் உர மூட்டையும் இல்லாத அறையில் பூட்டி வையுங்கள்.